வண்ண மீன்களின் நோயறிதலும் பரிகாரமும்

(கமக்காரர் அமைப்பொன்றின் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லையும் வெங்காயத்தையும் பற்றிக் கேட்க வந்த இடத்தில் இவர் மீனைப் பற்றிப் பேசுகின்றாரே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், வீட்டுவளவிலே சீமெந்துத் தொட்டி கட்டிக் கப்பி, மொல்லி, பிளாட்டி, வாள்வால் முதலிய வண்ண மீன்களை வளர்த்து விற்கும் கமக்காரக் குடும்பங்கள் இப்பொழுது பல உள. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையிற் கையிற் காசு காண இது ஒரு வழி. விற்பனைக்கு ஆயத்தமாய் நின்ற மீன்கள் மூன்றே நாளிற் செத்து மிதக்குமாயின், அந்நட்டம் மழையில் அழுகிய மிளகாய்த் தோட்டத்தின் நட்டத்துக்குக் குறைந்ததன்று. இன்னுமொன்று: மீனைக் காப்பதற்கென்று அவசரப்பட்டு ஊற்றும் மருந்தே பல தொட்டிகளில் மீனைக் கொன்றுவிடுகின்றது. ஆகையால், நோயை அறிவது எவ்வாறு, அறிந்தபின் செய்யவேண்டியது யாது என்பனவற்றை இன்று சொல்ல விரும்புகின்றேன்.

வயலிலே நெற்பயிர் மஞ்சளித்து நிற்கின்றது. பசளை போதாமையாலும் அது மஞ்சளிக்கும். நீர் வடியாமல் வேர் அழுகினாலும் மஞ்சளிக்கும். உவர் ஏறினாலும் மஞ்சளிக்கும். காரணம் பாராமல் யூரியாவை வீசுபவருக்குக் காசும் போம், பயிரும் போம். மீனும் அவ்வாறே. மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நீரில் ஒட்சிசன் குறைந்திருக்கலாம், அமோனியா ஏறியிருக்கலாம், பூவிலே புழு பற்றியிருக்கலாம், பூச்சிநாசினி கலந்திருக்கலாம். குறி ஒன்று, காரணம் நான்கு, பரிகாரமும் நான்கு. (மீன் மூச்சுவிடும் உறுப்பாகிய செவுளையே நம்மூரிற் பூ என்கிறோம். அச்சொல்லையே நானும் வழங்குகின்றேன்.)

எனவே மருந்துப் போத்தலை எடுக்குமுன் தொட்டியருகே சற்று நேரம் நின்று பார்த்தல் வேண்டும். எந்த நேரத்திற் சாகின்றன? எல்லா மீனும் ஒருங்கே வாடினவா, ஒன்றிரண்டாக வாடினவா? பெரியன முதலிற் செத்தனவா, சிறியன முதலிற் செத்தனவா? கடந்த ஒரு வாரத்திற் புதிதாகச் செய்தது என்ன? புது மீன் விட்டோமா, புது உணவு இட்டோமா, நீர் மாற்றினோமா, தோட்டத்துக்கு மருந்து தெளித்தோமா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தால் நோயிற் பாதியை அறிந்தவராவோம்.

விடியற்காலையில் மீன்களெல்லாம் மேலே நின்று வாயைப் பிளந்து, வெயில் ஏறியபின் தாமே தெளிந்து கீழே செல்லுமாயின், அது நோயன்று, ஒட்சிசன் குறைவேயாம். பச்சை நிறமாய்ப் பாசி படர்ந்த நீர் பகலில் ஒட்சிசனை வெளியிடும். இரவிலோ அப்பாசியும் மீனோடு சேர்ந்து ஒட்சிசனை உட்கொள்ளும். அதனால் விடியுமுன் உள்ள நேரமே மீனுக்கு மிகக் கடினமான நேரம். முதல் நாள் வானம் மூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இத்தகைய வேளையிற் பெரிய மீன்களே முதலில் மடியும். பரிகாரம் எளிது: வாளியால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், காற்றூட்டும் கருவி இருந்தால் இரவு முழுவதும் இயக்குங்கள், அன்றைக்கு உணவை நிறுத்துங்கள், மீனின் தொகையைக் குறையுங்கள். மருந்து எதுவும் வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, பகலென்றும் இரவென்றும் பாராமற் பெரியது சிறியது எல்லாம் சில மணி நேரத்துள் துடித்து, சுழன்று, உடல் வளைந்து சாகுமாயின் நஞ்சென்று கொள்க. நீரிலுள்ள நுளம்புக் கூத்தாடிகளும் நீர்ப்பூச்சிகளும் செத்துக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் ஐயம் வேண்டா. "பின்னேரம் பயற்றங்கொடிக்கு மருந்து அடிச்சோம், காலையிலே மீனெல்லாம் செத்துக் கிடக்குது, இது என்ன நோய் தம்பி?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவருடைய கேள்வியிலேயே விடையும் இருந்தது. இக்காலத்தில் நாம் பெரிதும் தெளிக்கும் பைரித்திரொயிட் வகைப் பூச்சிநாசினிகள் மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் ஒப்பளவிற் குறைந்த தீமை செய்வனவாயினும், மீனுக்குக் கொடிய நஞ்சு. மிகச் சிறிதளவே போதும். காற்றோடு வரும் தூவல் தொட்டியில் விழலாம். தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவிய நீர் கிணற்றுள் இறங்கலாம். மருந்து கலந்த வாளியையே மீன்தொட்டிக்கும் எடுப்பவர் உளர். மீனுக்கு வாளி வேறு, மருந்துக்கு வாளி வேறு என்று இன்றைக்கே பிரித்து வையுங்கள். தெளிக்கும் நாளிலே தொட்டியைப் பொலித்தீனால் மூடுங்கள். அடுத்த தோட்டக்காரரிடமும் சொல்லி வையுங்கள். நஞ்சு கலந்தபின் அதை முறிக்கும் மருந்து இல்லை. உயிரோடு இருப்பனவற்றை உடனே நல்ல நீருக்கு மாற்றுவதொன்றே வழி.

மூன்றாவது அமோனியா. இது மெல்லக் கொல்லுவது. மீன் கழிப்பதும், தின்னாது எஞ்சிய உணவு அழுகுவதும் நீரில் அமோனியாவாகின்றன. அதனை உண்டு தீங்கற்றதாக மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியின் சுவரிலும் அடியிலும் வடியிலும் குடிகொள்ளச் சில வாரங்கள் செல்லும். ஆகையால் புதுத் தொட்டியிலும், கரண்டியால் உரஞ்சிச் சவர்க்காரமிட்டுக் கழுவிய தொட்டியிலும் இத்தீமை மிகுதி. இங்கே யாழ்ப்பாணக் குடாநாட்டார் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சுண்ணக்கற் பாறையிலே தோண்டிய நம் கிணறுகளின் நீர் வன்னீர், காரத்தன்மை உடையது. காரத்தன்மையைக் குறிக்கும் பீ.எச். எண் 7இலிருந்து 8ஆக உயர்ந்தால், அமோனியாவின் நச்சுப் பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகின்றது. பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் பிழைத்த அளவான அழுக்கு, நமது தொட்டியிற் பிழைக்க விடாது. பூக்கள் வழக்கத்திலும் கடுஞ்சிவப்பாகிப் பின் கபில நிறமடைதல், செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்றல், ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்றாகச் சாதல் ஆகியன இதன் குறிகள். இரண்டு நாள் உணவை நிறுத்தி, நாள்தோறும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுக. முழு நீரையும் ஒரே முறையில் மாற்றுவது பெருந்தவறு; வெப்பமும் காரமும் திடீரென மாற, நோய் தாங்கி நின்ற மீனும் விழுந்துவிடும். குழாய் நீராயின் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தபின் ஊற்றுக. புதிதாய்க் கட்டிய சீமெந்துத் தொட்டியை, நீர் நிரப்புவதும் இறைப்பதுமாக இரண்டு மூன்று வாரம் பதப்படுத்தியே மீன் விடவேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடும் வழக்கம் நல்ல வழக்கமே.

நோயென்று என்னிடம் காட்டப்படும் தொட்டிகளிற் பெரும்பாலானவை இம்மூன்றிலும் அடங்கிவிடும். நீரிற் குறையில்லை என்று கண்டபின்னரே மீனின் உடலைப் பார்க்க வேண்டும். வாடிய மீன் ஒன்றையும் நல்ல மீன் ஒன்றையும் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிது.

உப்புத் தூள் தூவியதுபோல் உடலிலும் செட்டையிலும் வெண்புள்ளிகள் காணப்படின் அது வெண்புள்ளி நோய். இதன் கிருமியுடைய வாழ்க்கையை அறியாதவர் இதை வெல்ல முடியாது. புள்ளியாய்த் தோன்றுவது தோலின் அடியிற் புதைந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணி. அங்கே எந்த மருந்தும் அதனைத் தீண்டாது. முற்றியதும் அது மீனை விட்டுக் கழன்று தொட்டியின் அடியில் ஒட்டிக் கூடு கட்டும். ஒரு கூட்டுக்குள் அது பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுக் கிருமிகளாகும். கூடு உடைந்து அவை நீந்தி மீனைத் தேடும். ஏறத்தாழ இரண்டு நாளுள் மீன் கிடையாவிடில் மடியும். இந்நீந்தும் பருவத்திலேதான் மருந்து அவற்றைக் கொல்லும். நம் நாட்டுத் தாழ்நில வெப்பத்தில் இச்சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் நெடுநாட் செல்லும். புள்ளி மறைந்தது கண்டு மூன்றாம் நாள் பரிகாரத்தை நிறுத்துபவர், கிருமி அடியில் இருந்து குட்டி போடுவதை மறந்தவராவர். குறைந்தது பத்து நாள் தொடர்ந்து செய்க. நாள்தோறும் அடியிலுள்ள வண்டலை இறப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுத்தால் கூடுகளும் உடன் போய்விடும்.

புள்ளியாயின்றி, பொன் துகள் அல்லது துரு படிந்ததுபோல் உடல் மினுங்கினால் அது வேறொரு கிருமி. இருட்டிலே மின்சூள் ஒளியைப் பக்கவாட்டிற் பிடித்தால் நன்கு தெரியும். அதுவும் உப்புக்குப் பணியும். புள்ளியும் துகளும் ஒன்றுமில்லாமல், மீன் சுவரிலே உரஞ்சுவதும் நின்ற இடத்திலே நடுங்குவதும் வால் ஒடுங்குவதுமாயின் தோற்புழுவாகலாம். கப்பி மீனுக்கு இது பெரும்பகை. கண்ணுக்குத் தெரியாத இப்புழு முட்டையிடுவதில்லை, குட்டியே ஈனும். தாயின் வயிற்றிலுள்ள குட்டியின் வயிற்றிலே அடுத்த குட்டியும் உருவாகியிருக்கும். ஒரு கிழமைக்குள் தொட்டி முழுவதும் பரவுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பஞ்சு போன்ற வெண்மையைக் கண்டதும் பங்கசு என்று சொல்வது வழக்கம். பங்கசு பெரும்பாலும் முன்னரே புண்பட்ட இடத்தில்தான் வளரும். நூல் நூலாக நிற்கும். வாயைச் சுற்றி வெண்மை படர்ந்து, முதுகிலே சேணம் இட்டதுபோல் நரைத்த பட்டை தோன்றி, ஓரிரு நாளில் மீன்கள் மடியுமாயின் அது பங்கசன்று, பற்றீரியா நோயாம். இதற்கு வெப்பம் துணைசெய்யும். எனவே வெண்புள்ளிக்கு நீரைச் சூடாக்கலாம் என்று கேள்விப்பட்டதை இங்கே கையாளுதல் நெருப்புக்கு நெய்யாகும்.

முதுகு கூனி, உடல் மெலிந்து, வாரக்கணக்கிற் சிறிது சிறிதாகச் சாகும் மீன்களைப் பற்றியும் ஒரு சொல். அது மீன்களின் கயரோகமாக இருக்கலாம். அதற்குப் பரிகாரம் தேடவேண்டா. மீனை அழித்துத் தொட்டியைக் கழுவி வெயிலிற் காயவிடுங்கள். அக்கிருமி மனிதரின் கையிலுள்ள வெட்டுக் காயத்தினூடே புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத கழலைப் புண்ணை உண்டாக்க வல்லது. மண்வெட்டியும் கத்தியும் பிடிக்கும் நம் கைகளிற் காயமில்லாத நாள் ஏது? காயமுள்ள கையைத் தொட்டியில் வைக்க வேண்டா. புண் ஆறாவிடின் வைத்தியரிடம் மீன் வளர்ப்பதையும் சொல்லுங்கள்.

இனிப் பரிகாரம். எல்லாவற்றுக்கும் முன் நீரின் அளவை அறிதல் வேண்டும். தொட்டியின் நீளம், அகலம், நிற்கும் நீரின் உயரம் மூன்றையும் அடிக்கணக்கிற் பெருக்கி, வந்த தொகையை 28ஆற் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி நீர் எனில் 36 கன அடி. ஏறத்தாழ 1,000 லீற்றர். சுவரின் உயரத்தை அளக்காதீர்கள், நீரின் உயரத்தை அளவுங்கள். கண்மதிப்பாக இட்ட மருந்தினால் இறந்த மீன்கள் எத்தனையோ.

நம்மிடமுள்ள மருந்துகளிற் சிறந்தது கறியுப்பே. லீற்றருக்கு 3 கிராம், அதாவது மேற்சொன்ன தொட்டிக்கு 3 கிலோ. அதனை மூன்று பங்காக்கி, நீரிற் கரைத்து, ஒரு நாளில் மூன்று வேளையாக ஊற்றுக. கப்பியும் மொல்லியும் இதனை எளிதிலே தாங்கும். கெளுத்தி இனங்களும் நீர்ச்செடிகளும் தாங்கமாட்டா. நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் நீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. நீரை வெளியேற்றிப் புதிது விட்டால் மட்டும், வெளியேறிய நீருக்குரிய உப்பைச் சேர்க்க வேண்டும். தோற்புழுவுக்கு வேறு முறை: லீற்றருக்கு 10 கிராம் கரைத்த வாளியில் மீனைப் பத்து நிமிடம் முதல் அரைமணி வரை விட்டு, அருகே நின்று பார்த்திருந்து, ஒருக்களித்துச் சாயும் மீனை உடனே எடுத்து நல்ல நீரில் விடுக. அந்நேரத்தில் வேறு வேலைக்குப் போகலாகாது.

உப்பு எவ்வாறு வேலைசெய்கின்றது? நன்னீர்க் கிருமியின் மெல்லிய உடலிலிருந்து உப்புநீர் நீரை உறிஞ்சிவிட, அது சுருங்கி மடிகின்றது. மீனோ தோலும் செதிலும் உள்ள பெரிய உடல், சிறிது நேரம் தாங்கும். கடல்நீர்த் தொட்டிகளிற் கடற்குதிரையையும் குழல்மீனையும் வளர்ப்பவர்கள் இதனைத் தலைகீழாகச் செய்வர். தோலிற் பற்றிய சில கடற்புழுக்களைப் போக்க மீனைச் சில நிமிடம் நன்னீரில் அமிழ்த்துவர். கடல்மீன்களின் வெண்புள்ளிக்குச் செப்பு மருந்து வழங்குவதுண்டு. ஆனால் குழல்மீனுக்கும் கடற்குதிரைக்கும் அது ஆகாது. ஒரு மீனுக்கு உதவிய மருந்து இன்னொன்றுக்கும் உதவும் என்று நம்பலாகாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

வாய் வெண்மைக்கும் வெளிப்புண்ணுக்கும் கொண்டிஸ் என்று கடையில் விற்கும் பொற்றாசியம் பரமங்கனேற்று உதவும். 1,000 லீற்றருக்கு 2 கிராமே அளவு. இதனைச் சமையற் தராசில் நிறுக்க முடியாது; நகைக்கடைத் தராசில் நிறுத்து வாங்குக. 2 கிராமையும் ஒரு லீற்றர் நீரிற் கரைத்து, அதில் 10 மில்லிலீற்றரை மட்டும் தொட்டி நீர் 10 லீற்றர் உள்ள வாளியில் விட்டு, ஐந்து மீனைப் போட்டு நான்கு மணி நேரம் பார்த்திருங்கள். வன்னீரிலே இம்மருந்தின் கடுமை கூடுதலாகையால் நமக்கு இச்சோதனை இன்றியமையாதது. மீன் நலமாயிருந்தால் மீதியைத் தொட்டியில் ஊற்றுக. உச்சி வெயிலில் வேண்டா. ஊதா நிறம் சில நிமிடத்தில் மண்ணிறமானால் நீரிலுள்ள அழுக்கே மருந்தைத் தின்றுவிட்டது என்று பொருள். இன்னும் ஊற்றாமல், முதலில் அழுக்கை அகற்றுங்கள்.

மருந்துக்கடையிலே மனிதருக்கு விற்கும் அன்ரிபயோற்றிக் குளிகைகளைப் பிரித்துத் தூவும் பழக்கத்தை நான் கண்டிக்கின்றேன். அது வெண்புள்ளிக்கும் புழுவுக்கும் ஒன்றும் செய்யாது. தொட்டியில் அமோனியாவைத் தின்னும் நல்ல பற்றீரியாவைக் கெடுக்கும். நாளடைவில் மருந்துக்கு அஞ்சாத கிருமிகளை நம் கிணற்றடியிலேயே வளர்க்கும். மிருக வைத்தியர் நோயை அறிந்து எழுதிக்கொடுத்தால் மட்டும், சொன்ன அளவில் சொன்ன நாள்வரை கொடுக்கலாம்.

புது மீன் வாங்கினால் மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தபின்னரே மற்றவற்றோடு சேருங்கள். அதற்குக் கைவலையும் வேறாயிருக்கட்டும். வாய்க்காலிலும் குளத்திலும் பிடித்த மீனை ஒருபோதும் தொட்டியில் விடாதீர்கள். 1987-88ஆம் ஆண்டுகளில் உடலெங்கும் புண் உண்டாக்கும் நோயொன்று இந்நாட்டின் நன்னீர் மீன்களிற் பரவியபோது விரால் முதலியன புண்ணாகி மடிந்தன. அந்நோய் அதற்கு முன் தென்கிழக்காசிய நாடுகளிற் பரவியிருந்தது. அவ்வாறே தொட்டி மீனைக் குளத்தில் விடுவதும் கூடாது. தொட்டிக்கென்று கொண்டுவரப்பட்ட கத்தி மீனும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் இன்று நம் குளங்களிலே பெருகி மீனவர் வலைக்குத் தொல்லையாகியுள்ளன.

தொட்டியின் பழைய நீர் தோட்டத்துக்கு நல்ல பசளைநீர். கத்தரிக்கும் வாழைக்கும் தாராளமாய் விடுங்கள். ஆனால் உப்பிட்டுப் பரிகாரம் செய்த நீரை மட்டும் பயிருக்கு விடாதீர்கள். வெங்காயமும் போஞ்சியும் உப்பைச் சிறிதும் பொறாதவை, மண்ணும் கெடும். கிணற்றுக்கும் பாத்திக்கும் தொலைவான இடத்தில் அதனை ஊற்றுங்கள். செத்த மீனைக் கோழிக்கும் பூனைக்கும் எறியாமற் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் நோய் விளங்கவில்லையாயின், செத்த மீனைக் கடதாசியிற் சுற்றிக் கொண்டுவராதீர்கள். நம் வெயிலிற் சில மணி நேரத்தில் அது அழுகிவிடும், ஒட்டுண்ணிகளும் அகன்றுவிடும், அதிற் பார்ப்பதற்கு ஒன்றுமிராது. வாடிய, ஆனால் உயிருள்ள மீன் மூன்று நான்கைக் காற்று நிரப்பிய பொலித்தீன் பையிலும், தொட்டி நீரை வேறொரு சுத்தமான போத்தலிலும் எடுத்து, காலைக் குளிர்ச்சியிலேயே கொண்டுவாருங்கள். தொட்டியின் அளவு, மீனின் தொகை, இட்ட மருந்து, முதல் மீன் செத்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இணையுங்கள். தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலரிடம் அவற்றைச் சேர்ப்பிக்க நான் ஒழுங்கு செய்வேன். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் மீன் நோய்களை ஆராய்ந்து அறியும் வசதி உண்டு. மாதிரியை எடுக்குமுன் எந்த மருந்தையும் இடவேண்டா.